தொட்டி இருந்த பக்கம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்ற இடங்களில் எல்லாம் அவர் மில்லிமீட்டர்தான். தபால்காரர்கூட வாசலில் நின்று, "மில்லிமீட்டர் சார், தபால்!" என்றுதான் குரல் கொடுப்பார். அதில் அவருக்குக் கோபம் கிடையாது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பின்னால் அவரைக் கவிழ்த்தது அந்தப் பெருமைதான் என்பதால் அதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது.

தொழில், பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அவர் அதில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பல்லாக அடுக்கித் தேய்த்துக் கொடுப்பார். ஒரு பல் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றால் போதும், போட்டுக்கொள்கிறவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் செய்தவனைத் திட்டுவார். முப்பத்தைந்து வருடத்தில் அவர் செய்த வேலை திரும்பி வந்தது ஏழே ஏழு தடவை. அந்த ஏழும் யார் வாய், எந்தப் பல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வேலை அறையின் மூன்று சுவரிலும் கூரை வரை அலமாரி. அவர் கை பட்ட ஒவ்வொரு வாயின் பிளாஸ்டர் அச்சும் அடியில் பென்சிலால் எண் எழுதப்பட்டு, வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் உள்ளே நுழையக் கொஞ்சம் தயங்குவார்கள்.

இப்படிப்பட்ட ஒருவர் பொம்மை அளவில் மாதிரி ரயில் செய்ய வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஊருக்கு வெளியே மலையேறும் பழைய ரயில் பாதை ஒன்று இருந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் அதை மூடிவிட்டார்கள். ரயில் பைத்தியங்கள் கொஞ்சப் பேர் ஒரு சங்கம் வைத்து, கெஞ்சிக் கூத்தாடிக் கீழ்ப் பாதியை மட்டும் காப்பாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீராவி எஞ்சின் ஒன்று நாலு பெட்டியை இழுத்துக்கொண்டு பாதி மலை வரை போய்த் திரும்பும். மேல் பாதியின் தண்டவாளம் என்றைக்கோ இரும்புக் கடைக்குப் போய்விட்டது. கடைசி ஸ்டேஷன் இருந்த இடத்தில் இப்போது சிமெண்ட் கிடங்கு. அந்தப் பாதை முழுமையாக இருந்தபோது எப்படி இருந்தது என்று காட்ட, கீழ் ஸ்டேஷனின் காத்திருப்பு அறையில் ஒரு மாதிரி வைக்க வேண்டும் என்பது சங்கத்தின் ஆசை. சங்கச் செயலாளர் நேராக மில்லிமீட்டர் வீட்டுக்குத்தான் வந்தார்.

ஆறு வருட வேலை. அசல் அளவில் எண்பத்தேழில் ஒரு பங்கு. இருக்கிற பாதியை டேப் பிடித்து நடந்தே அளந்தார். ஸ்லீப்பர் கட்டைகளைத் தீக்குச்சி கனத்தில் வெட்டி, டீ டிகாஷனில் ஊறவைத்துக் கறுப்பேற்றினார். மலை, சொல்லவே வேண்டாம், பல்லுக்கு வாங்கிய பிளாஸ்டர். ஸ்டேஷன் சன்னலுக்குக் கம்பி, பல்செட்டைப் பக்கத்துப் பல்லோடு கவ்வ வைக்கும் கிளிப் கம்பி. பாலத்தில் எத்தனை ஆணி என்று எண்ணி அத்தனையும் வைத்தார். மனித பொம்மைகள் மட்டும் ஒன்றுகூட வைக்கவில்லை. "ஆள் வெச்சா அளவு கெட்டுப் போகும்," என்பார். கடையில் விற்கிற பொம்மைகள் எல்லாம் ஸ்டேஷன் கதவைவிட உயரமாக இருந்தன என்பது உண்மைதான். ஆனால் அவருக்கு ஆட்கள் மேல் அவ்வளவாக அக்கறை இல்லை என்பதும் உண்மை.

கடைசி ஸ்டேஷனுக்குத்தான் அளக்க ஒன்றும் மிஞ்சவில்லை. சங்கத்தின் அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய ஒரே ஒரு படம் இருந்தது. பிளாட்பாரக் கடைசியில் நின்று எடுத்தது. ஸ்டேஷனுக்குள் வந்து நிற்கும் எஞ்சின், அதன் ஒரு பக்கம் கல் கால்கள் மேல் பெரிய தண்ணீர்த் தொட்டி, மறு பக்கம் எஞ்சின் ஷெட். மில்லிமீட்டர் அந்தப் படத்தைக் கழற்றி வந்து, மேலே வரைதாள் போட்டு, பூதக்கண்ணாடியால் பார்த்துப் பார்த்து ஒரு கல் விடாமல் கோடு இழுத்தார். படத்தில் இருந்த ஆட்களைக் கோட்டுக்குள் சேர்க்கவில்லை. தொட்டிக் காலைப் பிடித்துக்கொண்டு ஒருவன் ஓரத்தில் நின்றிருந்தான். அவன் மறைத்ததால் மூன்று வரிசைக் கல் தெரியவில்லை. "இவனுக்கு நிக்க வேற இடமே கெடைக்கலையா?" என்று அவனை ஆறு மாதம் திட்டிக்கொண்டே வேலை செய்தார்.

மாதிரியைத் தனித்தனிப் பலகைகள் மேல் பகுதி பகுதியாகத்தான் கட்டினார். நாலு வருடத்துக்கு முன்னால், கடைசி ஸ்டேஷன் இருந்த பலகை முடிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் காத்திருப்பு அறைக்குக் கொண்டுபோய் மேஜை மேல் வைத்தார். சங்கத்தார், அவர்கள் வீட்டார் என்று முப்பது பேர் சுற்றி நின்று வாயைப் பிளந்தார்கள். அவருடைய மனைவியும் இருந்தாள். மனைவியின் தம்பியும் இருந்தார். கதைக்கு முக்கியமான ஆள் அந்த மைத்துனர்தான். பாதை ஓடிய காலத்தில் பத்தொன்பது வயதில் பயர்மேனாகச் சேர்ந்து, மூடும் வரை எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர். அப்புறம் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் பாய்லர் பார்க்கும் வேலை. ஞாயிறு தோறும் சம்பளம் இல்லாமல் வந்து, சங்கத்தின் எஞ்சினுக்கும் அவர்தான் கரி போட்டார். அன்றைக்கும் கரிக் கையுறையோடுதான் நின்றார்.

"மாமா, தொட்டி அந்தப் பக்கம் இல்லையே," என்றார் மைத்துனர்.

"எது?"

"தண்ணித் தொட்டி. வண்டி ஸ்டேஷனுக்குள்ள நுழையுறப்போ எடது கைப் பக்கம் வரும். நீங்க வலது பக்கம் வெச்சிருக்கீங்க. ஷெட்டும் அதே மாதிரி மாறிக் கெடக்கு."

"படத்துல எப்படி இருக்கோ அப்படித்தான் இருக்கு, மாப்ள."

"படம் கெடக்கட்டும் மாமா. பதினோரு வருஷம் அந்தத் தொட்டியில தண்ணி புடிச்சவன் நான். அந்தப் படத்துலகூட நான்தான்..."

மில்லிமீட்டர் முடிக்க விடவில்லை. இரண்டு வருடம் ராப்பகலாகக் குனிந்து செய்ததை முப்பது பேர் முன்னால் ஒருவன் தப்பு என்கிறான். சுருக்கென்று ஏறிவிட்டது.

"நீ கரி அள்ளினவன். கரி அள்றவனுக்கு வலது எது எடதுன்னு என்ன தெரியும்? அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரிஞ்சா போதாதா?"

அறை கொல்லென்று சிரித்தது. மைத்துனரும் என்ன செய்வதென்று தெரியாமல் பாதி சிரித்தார். பிறகு கையுறைகளைக் கழற்றி மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எஞ்சினுக்கு வேறொருவர் கரி போட்டார். மைத்துனர் அக்கா வீட்டுப் படியும் ஏறவில்லை.

மில்லிமீட்டர் ஒன்றும் கல் நெஞ்சக்காரர் இல்லை. கொஞ்ச நாளிலேயே வார்த்தை தடித்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவரிடம் ஒரு சமாதானம் இருந்தது: சொன்ன விதம் தப்பு, சொன்ன விஷயம் சரி. அதையே முட்டுக் கொடுத்து நாலு வருடம் நிமிர்ந்து நின்றார். மாதத்தில் முதல் சனிக்கிழமை மனைவி, "கடைக்குப் போய்ட்டு வர்றேன்," என்று கிளம்புவாள். மூன்று மணி நேரம் கழித்து வெறும் பையோடு வருவாள். எந்தக் கடை என்று அவர் கேட்டதில்லை. அவளாகத் தம்பி பேச்சை எடுத்தால், அவசரமாக ஏதோ ஞாபகம் வந்ததுபோல வேலை அறைக்குள் போய்விடுவார்.

மாதிரி முழுதாக முடிந்தது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தார்கள். கடைசி ஸ்டேஷன் படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாதிரிக்குப் பின்னால் மாட்டலாம் என்றார் செயலாளர். "அச்சகத்துக்கு நீங்களே போய்ப் பாத்துடுங்க சார். உங்க கண்ணுல படாத தப்பு உண்டா?"

விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது மில்லிமீட்டர் அச்சகத்தில் உட்கார்ந்திருந்தார். அச்சகக்காரர் படத்தைக் கணினியில் ஏற்றி, நல்ல கேமராவில் நல்ல வெயிலில் எடுத்த படம் என்று புகழ்ந்துகொண்டே, மூலை மூலையாகப் பெரிதாக்கிக் காட்டினார். ஓரத்துக்கு வந்தார். தொட்டிக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆள் திரை முழுக்க வந்து நின்றான்.

"இவரைப் பாருங்க சார், என்ன ஒரு சிரிப்பு! ஒரு பல்லைக் காணோம், அதைப் பத்திக் கவலையே இல்லாம சிரிக்கிறாரு."

முகத்தைப் பார்க்கும் முன் பல்லைப் பார்ப்பது மில்லிமீட்டரின் தொழில் புத்தி. முன்பல் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறியிருந்தன. பக்கத்தில் கோரைப்பல் இருக்க வேண்டிய இடம் காலி. அந்த வாயை அவருக்குத் தெரியும். அந்தக் காலி இடத்துக்குப் பல் செய்து கொடுத்ததே அவர்தான். கரி அள்ளும் ஷவலின் கைப்பிடி எகிறி அடித்ததில் உடைந்த பல். தனக்குக் கல்யாணமான புதிதில், மைத்துனருக்குப் பெண் பார்க்கப் போகும் முன், "சிரிச்சா நல்லா இருக்கணும் மாப்ள," என்று அவராகவே கூப்பிட்டு உட்கார வைத்துச் செய்து கொடுத்தது.

அடையாளம் தெரிந்த அடுத்த நொடி இன்னொன்றும் தெரிந்தது. அதற்கு மேல் அச்சகக்காரர் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. படத்தில் இருந்தவனுக்கு இல்லாதது வலது கோரைப்பல். அவர் செய்து கொடுத்தது இடது.

வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. நாற்காலி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து இருநூற்றுப் பதினான்காம் எண் அச்சை எடுத்தார். இடதுதான். சந்தேகமே இல்லை. அதைக் கைகழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியில் காட்டிப் பார்த்தார். கண்ணாடிக்குள் தெரிந்த வாய்தான் படத்தில் சிரித்த வாய். யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. படத்தில் எல்லார் சட்டைப் பையும் வலது மார்பில் இருந்தது. யாரோ என்றைக்கோ நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்திருக்கிறார்கள். படமே இடம் வலம் மாறிய படம். அதைப் பார்த்துச் செய்த தொட்டி, ஷெட், தண்டவாளம் பிரியும் பாயிண்ட், பிளாட்பாரம், கடைசி ஸ்டேஷன் மொத்தமும் தப்பு.

எதிரே இருக்கிற வாயின் இடது தன்னுடைய வலது என்பதை மறக்காமலிருப்பதுதான் அவர் தொழிலில் பாதி. அந்தத் தொழிலில் தலை நரைத்தவர் ஒரு திருப்பிய படத்தில் போய் விழுந்திருக்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இடது என்று சொன்ன மனிதனை, வலது இடது தெரியாதவன் என்று சொல்லிச் சபையில் சிரிக்க வைத்திருக்கிறார். படத்தில் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தவனை அடக்கியிருக்கிறார். ஆறு மாதம் உட்கார்ந்து அவனைத் திட்டவும் திட்டியிருக்கிறார். அலமாரியில் இருந்த வாய்கள் எல்லாம் அவரைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது. வேலை அறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.

இதோடு நின்றிருந்தால் அவர் நல்ல மனிதர் என்று சொல்லிவிடலாம். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து அச்சகத்துக்கு போன் செய்தார்.

"அந்த ஓரத்துல நிக்கிற ஆள் வேணாம். தொட்டியோட நிறுத்தி வெட்டிடுங்க."

"ஏன் சார்? அந்தாள்தான் படத்துக்கே உயிரு."

"பாக்குறவங்க கவனம் கலையும்."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அது நடுங்காமல் இருந்ததை நினைத்துப் பின்னால் அவர் பலமுறை குன்றிப்போயிருக்கிறார்.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் படம் வந்து சுவரில் ஏறியது. மாதிரியின் கண்ணாடி மூடியைத் துடைக்க ஒரு கை வேண்டும் என்று சாக்குச் சொல்லி மனைவியும் வந்தாள். சாதாரணத் துடைப்பு வேலைக்கு அவள் நல்ல புடவை கட்டியிருந்தது அவருக்கு விளங்கவில்லை. வந்தவள் மாதிரியைப் பார்க்கவில்லை. நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். தொட்டி இருந்த ஓரத்துக்குப் போனாள். சுவருக்கும் படத்துக்கும் நடுவில் மடங்கி இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள்.

"தம்பி எங்க?" என்றாள்.

"எந்தத் தம்பி?"

கேட்கும்போதே அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது?

"எனக்கு எத்தனை தம்பி? இந்தத் தொட்டிக் காலைப் புடிச்சுக்கிட்டு நிப்பான். ஆபீஸ்ல மாட்டியிருந்த படத்துல நான் பாத்திருக்கேனே. பெருசாப் போடப் போறாங்கன்னு சொன்னீங்க. அவன் மூஞ்சியப் பெருசாப் பாக்கலாம்னுதான் கெளம்பி வந்தேன்."

"உனக்குத் தெரியுமா?"

"எப்பவோ தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"ரெண்டு தடவை சொல்ல வந்தேன். அவன் பேரை எடுத்ததும் எந்திரிச்சுப் போய்ட்டீங்க. அதுக்கப்புறம் நான் சொல்லலை."

மில்லிமீட்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் வெட்டச் சொன்னேன்," என்றார். பிறகு பல், அச்சு, கண்ணாடி, திருப்பிய படம் எல்லாவற்றையும் சொன்னார். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அவள் குறுக்கே பேசாமல், கையில் இருந்த துணியால் கண்ணாடி மூடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்களே," என்றாள் கடைசியில். "நானும் சிரிச்சேன். உங்களுக்குத் தெரியுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க என்னமோ தமாஷ் பண்ணீங்கன்னு வாய் தன்னால சிரிச்சிருச்சு. அவன் என்னைத்தான் பாத்தான். உங்களப் பாக்கலை. அதுக்குத்தான் மாசா மாசம் போறேன். போனா ஒரு நாள்கூட அவன் அதைச் சொல்லிக் காட்டினதில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தான்னா எனக்கு ஆறியிருக்கும்."

தன் ஒரு வார்த்தை மைத்துனர் மேல் மட்டும்தான் விழுந்தது என்று நாலு வருடம் நினைத்திருந்தார். பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவள் மேலும் விழுந்திருக்கிறது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

மைத்துனர் குடியிருந்தது சைக்கிள் கடைக்கு மேலே மாடியில். படி செங்குத்தாக இருந்தது. நடுவில் இரண்டு தடவை நின்றார். ஒன்று மூச்சு வாங்க, இன்னொன்று திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்க. கதவைத் திறந்த மைத்துனர், "வாங்க மாமா," என்றார், பழக்க தோஷத்தில். சொன்னபோது வாய் திறந்தது. இடது கோரைப்பல் இருந்த இடம் காலியாக இருந்தது.

"பல் என்ன ஆச்சு?" என்றார் மில்லிமீட்டர். மன்னிப்புக் கேட்க வந்தவர் வாயில் முதலில் வந்தது அதுதான்.

"ஒடஞ்சு மூணு வருஷம் ஆச்சு."

"மூணு வருஷமா இப்படியேவா இருக்க? வந்திருக்கலாமே மாப்ள."

"வந்து? எந்தப் பக்கம்னு நீங்க கேட்டா நான் என்னன்னு சொல்றது? கரி அள்ளினவன்தானே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வெகு நாளாக மடித்து வைத்திருந்த துணியை எடுத்துக் கொடுப்பது போலச் சொன்னார். மில்லிமீட்டர் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். படத்தை வெட்டச் சொன்னதையும் விடவில்லை. மைத்துனர் கடைசி வரை கேட்டார்.

"நீதான் சரி, மாப்ள. தொட்டி எடது பக்கம்தான்."

"அது எனக்குத் தெரியும் மாமா. நீங்க வந்து சொல்லியா எனக்குத் தெரியணும்?" மைத்துனர் கதவில் கை வைத்துக்கொண்டார். "அன்னிக்கு நீங்க சொன்னது எங்க வெச்சு?"

"காத்திருப்பு அறையில."

"இன்னிக்குச் சொல்றது?"

மில்லிமீட்டர் ஆளில்லாத படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப சரி," என்று மைத்துனர் மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே மில்லிமீட்டர் அச்சகப் படியில் உட்கார்ந்திருந்தார். "முழுப் படம் வேணும். ஆளோட. அப்புறம் இடம் வலம் மாத்திப் போடணும்." அச்சகக்காரர் ஒரே ஒரு சொடுக்குச் சொடுக்கினார். தொட்டி அந்தப் பக்கம் போனது, ஷெட் இந்தப் பக்கம் வந்தது, பல் இல்லாத இடம் இடது பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவுதான் வேலை. அவருடைய பலகையைத் திருப்ப இன்னும் ஒரு வருடம் ஆகும். சங்கடத்தில் இருந்தாலும் அதை நினைத்து அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

விழாவுக்கு நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மைத்துனர் வரவில்லை. மனைவி முதல் வரிசையில் இருந்தாள். செயலாளர் அவரை வானளாவப் புகழ்ந்துவிட்டு, "ஒரு நூல் பிசகாத மனிதர்," என்று ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்.

"கடைசி ஸ்டேஷன் தப்பு," என்றார் மில்லிமீட்டர்.

தன்னடக்கம் என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள். அவர் படத்தையும் மாதிரியையும் காட்டி விளக்கினார். புரிந்ததும் அங்கங்கே சிரிப்பு. செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. கிட்டே வந்து, "யாருக்கு சார் தெரியப் போகுது? விடுங்க, விழா முடியட்டும்," என்று காதோரம் சொன்னார்.

"இது தப்புன்னு நாலு வருஷம் முன்னாடியே இதே அறையில ஒருத்தர் சொன்னார்," என்றார் மில்லிமீட்டர். "அந்தப் படத்துல தொட்டிக்குப் பக்கத்துல நிக்கிறார் பாருங்க, அவர். என் மைத்துனர். நான் அவருக்கு என்ன பதில் சொன்னேன்னு உங்கள்ல பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும்."

அந்த வாக்கியத்தை அவர் திரும்பச் சொன்னார். கரி, வலது, இடது, அடுப்பு என்று ஒரு சொல் விடாமல் சொன்னார். அன்றைக்கு ஒரே மூச்சில் வந்த வாக்கியம், இன்றைக்கு நடுவில் மூன்று இடத்தில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. சில நாள் முன்பு அதே ஆளைப் படத்திலிருந்து வெட்டி எறியச் சொன்னதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மனைவி பக்கம் பார்த்தார். அவள் படத்தில் இருந்த தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும்தான் பெரிய தண்டனை வந்தது. ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "எவ்ளோ பெரிய மனசு சார் உங்களுக்கு!" என்றார் ஒருவர். "தப்பை ஒத்துக்கவும் ஒரு தைரியம் வேணும்," என்றார் இன்னொருவர். தப்பு செய்தவனுக்கு மாலை மரியாதை, சரியாகச் சொன்னவன் சைக்கிள் கடை மாடியில். மில்லிமீட்டர் கூட்டத்திலிருந்து நழுவி, பின்பக்கம் கரி கொட்டி வைக்கும் இடத்தில் போய் நின்றார். வீட்டுக்குப் போகும் நேரம் வரை வெளியே வரவில்லை.

பத்து நாள் போயிற்று. கடைசி ஸ்டேஷன் பலகையை மட்டும் கழற்றி வேலை அறைக்குக் கொண்டுவந்து, தண்டவாளத்தை அடி அடியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை காலை. மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஆனால் மனைவி கடைக்குக் கிளம்பவில்லை. வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அடுப்படியிலிருந்து அவள் ஓடிய ஓட்டத்திலேயே யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அக்காவும் தம்பியும் கூடத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

பிறகு மைத்துனர் வேலை அறைக்குள் வந்தார். காகிதத்தில் சுற்றிய உடைந்த பல்லை மேஜை மேல் வைத்தார். சொந்தக்காரர்களுக்கு மட்டும் அவரே அச்செடுக்க மூலையில் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

மில்லிமீட்டர் கை கழுவினார். அச்செடுக்கும் தட்டை எடுத்தார். பசையைக் குழைக்கப் போனவர் குழைக்காமல் நின்றார். இருநூற்றுப் பதினான்காம் எண் அச்சு மேஜை மேலேயே இருந்தது. மைத்துனரும் அதைப் பார்த்துவிட்டார்.

"எந்தப் பக்கம், மாப்ள?" என்று கேட்டார் மில்லிமீட்டர்.

மைத்துனர் திறந்த வாயோடு அவரைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

"எடது," என்றார். "என்னோட எடது. நீங்க நிக்கிற பக்கத்துலருந்து பாத்தா வலது."

மில்லிமீட்டர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எழுதியதை வாய்விட்டுப் படித்தும் காட்டினார்.

"அப்படியே அந்தத் தொட்டியையும் எழுதிக்கங்க," என்றார் மைத்துனர்.

மில்லிமீட்டர் தலை நிமிராமல் அதையும் எழுதிக்கொண்டார்.